அப்பா சொன்ன எஸ்

அம்மா தண்ணீர் குடிப்பதில்லை என்பதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்குச் சில நாட்கள் ஆயின. டம்ளரை வாயில் வைப்பாள். தொண்டை அசையும். நான் அந்தண்டை திரும்பியதும் மிச்சத்தைக் கட்டிலை ஒட்டி வைத்திருந்த எச்சில் சொம்பில் ஊற்றிவிடுவாள். சோறும் அப்படித்தான். ரெண்டு வாய் தின்றுவிட்டு, நெஞ்சைக் கரிக்கிறது என்று தட்டைத் தள்ளுவாள். உதடு வெடித்து, நாக்கு வெளுத்து, உடம்பு கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் அப்பாவுக்கும் எனக்கும் உறைத்தது.

ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை அவளுக்கு. மழை நாள் ஒன்றில் வேனிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பும் தொடையும் சேருகிற இடத்தில் எலும்பு உடைந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, உள்ளே உலோகம் வைத்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தரையில் உட்காரக் கூடாது. குத்துக்கால் போடவே கூடாது. வாக்கர் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம். உட்காருகிற இடம் முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. உட்கார்ந்தால் ரெண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், இதில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் நடக்காது என்று புரிந்தது.

எங்கள் கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிறது. குந்தி உட்காருகிற பழைய மாதிரி. எங்கள் தெரு பள்ளம். மழைக்காலத்தில் ஏரி நிறைந்தால் பூமிக்குள் இருக்கிற தண்ணீரும் மேலே ஏறிவிடும். அதனால் செப்டிக் டேங்கைத் தரைக்கு மேலே உசத்திக் கட்டி, கக்கூஸையும் அதற்குத் தகுந்த மாதிரி மேடை மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல காலிலேயே கதவைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் படியில் ஏறுவோம். வாக்கரோடு அங்கே எப்படிப் போவது?

அதனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த பேன்தான். படுத்தபடியே கீழே வைத்து எடுக்கிற தட்டு. அதை அப்பா மட்டும்தான் வைக்கலாம். நான் அறைக்குள் வந்தாலே அம்மா போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொள்வாள். அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை; பெரும்பாலும் நைட் ஷிப்ட். சாயங்காலம் அவர் சைக்கிளை எடுக்கும்போது கதவைச் சாத்துகிற மாதிரி அம்மா தன்னைச் சாத்திக்கொள்வாள். காலையில் அவர் திரும்பி வரும்வரை அப்படியே கிடப்பாள். அத்தை முறையாகிற ஒருவர் சில நாள் வந்து பார்த்தார். அவருக்கும் வேலை இருந்தது, நின்றுவிட்டார்.

காய்ச்சலுக்குக் காட்டிய கிளினிக்கில் அந்த அம்மா டாக்டர், சிறுநீரில் கிருமி ஏறிவிட்டது, இப்படியே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கிட்னியில் போய் நிற்கும், மறுபடி அட்மிட் செய்ய வேண்டி வரும், இந்த உடம்பு அதைத் தாங்காது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்து நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினேன்.

"குடிச்சா வருதுடா," என்றாள். "வந்தா யாரு எடுக்கறது? உங்கப்பா டூட்டிக்குப் பூட்டாரு."

"நான் எடுக்கறம்மா."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீ இத்த எடுக்கறதுக்கா அவ்ளோ தூரம் பஸ் ஏத்தி வுட்டு படிக்க வச்சேன்?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். லைனில் வருகிற பாகங்களைப் பார்த்து, அளந்து, சரியில்லாததைச் சிவப்பு டப்பாவில் போடுகிற வேலை. வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அம்மா அப்படிக் கேட்டதும் சட்டையைப் போட்டுக்கொண்டு மேஸ்திரியைத் தேடிப் போனேன்.

மேஸ்திரி அப்பாவுக்குத் தெரிந்தவர். வீட்டைச் சுற்றி வந்தார். சமையல் கட்டுக்குப் பின்னால் சிலிண்டரும் அரிசி மூட்டையும் போட்டு வைக்கிற சின்ன அறையைக் காட்டி, இதைக் காலி செய்து கொடுத்தால் வெஸ்டர்ன் வைத்துவிடலாம், கட்டிலிலிருந்து படியே இல்லாமல் வந்துவிடலாம் என்றார். ஆனால் தரையை உடைத்துக் குழாய் இறக்க முடியாது. டேங்க் உயரத்தில் இருக்கிறது, கீழே இறக்கினால் கழிவு மேலே ஏறாது. சுவரில் ஓட்டை போட்டு நேராக வெளியே எடுத்து டேங்கில் விட வேண்டும். ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன், சாமான் எல்லாம் நீதான் வாங்கித் தர வேண்டும் என்றார்.

ஆபரேஷனுக்காக வெளியே வாங்கிய மருந்து, சாமான் செலவிலேயே கை காலியாகியிருந்தது. லீவு போட்டு லீவு போட்டு என் சம்பளமும் பாதியாகியிருந்தது. சேர்ந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு என்னென்ன வேண்டாம் என்பதில் இருந்துதான் ஆரம்பித்தேன். வாஷ்பேசின் வேண்டாம். ஷவர் வேண்டாம். சுவருக்கு டைல்ஸ் வேண்டாம், சிமெண்ட் பூச்சு போதும். தரைக்கு மட்டும் சொரசொரப்பு டைல்ஸ், வழுக்காதது. ப்ளஷ் டேங்கை வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வாளி தூக்கி ஊற்ற அவளால் முடியாது, அதனால் அது வேண்டும். குனிந்து மொண்டுகொள்ளவும் முடியாது, அதனால் கையில் பிடிக்கிற ஹெல்த் பாசெட் வேண்டும். பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வேண்டும். கடையில் பளபளவென்று தொங்கிய கைப்பிடியின் விலையைப் பார்த்துவிட்டு, பேப்ரிகேஷனில் இருக்கிற நண்பனிடம் பைப்பை வளைத்து வெல்டிங் வைத்துத் தரச் சொன்னேன். அவன் வேலையை முடித்துக் கொடுத்தபோது, யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. தேய்த்து, பிசிறு எல்லாம் எடுத்து, பிரைமர் அடித்துக் கொடுத்தான்.

மிச்சம் இருந்தது க்ளோசெட். அதாவது உட்காருகிற பீங்கான்.

வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கடை. மாடியில் ஏசி போட்ட ஷோரூம், கீழே குடோன். ஓனர் திருநெல்வேலிப் பக்கம்; எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். மாடியில் ஒவ்வொரு க்ளோசெட்டையும் சாமி சிலை மாதிரி லைட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். புது பிளாட்டுக்கு வாங்க வந்த ஒரு புருஷன் பெண்சாதி, எந்த வெள்ளை நல்ல வெள்ளை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் விலைச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார்.

"தம்பி, செகண்ட்ஸ் பாக்குதீயளா? கீழ கெடக்கு."

செகண்ட்ஸ் என்றால் கம்பெனியில் ரிஜெக்ட் ஆனது. ஒரு புள்ளி இருக்கும், ஓரத்தில் பளபளப்புப் பூச்சு கொஞ்சம் மெலிந்திருக்கும். நான் தினமும் சிவப்பு டப்பாவில் போடுகிற ஜாதி. குடோனில் போன் டார்ச்சை அடித்து ஒன்று ஒன்றாகப் பார்த்தேன். என்னையறியாமல் விரலால் விளிம்பைத் தடவி, திருப்பி, விரிசல் தேடினேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். புள்ளி இருந்தால் பரவாயில்லை, விரிசல் மட்டும் இருக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தேன். உட்காருகிற இடத்துக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில், மிளகு மாதிரி ஒரு புள்ளி. அதை என் கையால் பாஸ் செய்தேன்.

பில் மாடியில். அண்ணாச்சி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எஸ் ட்ராப்பா, பி ட்ராப்பா? நீங்க எடுத்தது எஸ்ஸு. அதே மாடல்ல பி ட்ராப்பும் ஒண்ணு கெடக்கு. செகண்ட்ஸ்ல வாபஸ் கெடையாது, கேட்டுட்டுச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. படித்த பையன், அளந்து பார்க்கிற பையன், இந்த ரெண்டு எழுத்தை மட்டும் கேள்விப்பட்டதில்லை. இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்: எஸ் என்றால் கழிவு கீழே தரைக்குள் இறங்கும், பி என்றால் பின்னால் சுவருக்குள் நேராகப் போகும். அப்போது அண்ணாச்சியிடமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த ஏசியில், அந்தப் புருஷன் பெண்சாதிக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். மேஸ்திரியிடம் போன் கிடையாது, அப்பாதான் எடுத்தார். பின்னால் மேஸ்திரி சுவரைக் குடைகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, எஸ்ஸா…" என்று ஆரம்பித்தேன். அடுத்தது வாயில் நின்றுவிட்டது. பி என்று அழுத்திச் சொன்னால் அது பீ ஆகிவிடும். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் அந்தப் பெண் கையில் டைல் ஒன்றை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசி ஷோரூமில் நின்றுகொண்டு போனில் "பீயாப்பா, பீயா" என்று நான் எப்படிக் கத்துவது?

பாதியோடு விட்டேன். "எஸ்ஸாப்பா?"

"இன்னா?"

"எஸ்ஸா?"

"எஸ்ஸு, எஸ்ஸு."

"மேஸ்திரி கிட்ட கேட்டியா?"

"எஸ்ஸுன்றனே."

எஸ் என்று பில் போட்டாயிற்று.

நண்பன் பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து, படம் போட்ட அட்டைப் பெட்டியோடு பீங்கானைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். சிக்னலில் நின்ற கம்பெனி பஸ்ஸில் இருந்து ஒருத்தன், "அவசரம்னா எறங்கி ஓரமா போ ப்ரோ" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு மட்டும்தான் சிரித்தேன்.

மறுநாள் காலையில் வேலை முடிந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தோம். அவள் நம்பினாள். காலையில் நான் கொடுத்த டீயைக் குடித்தாள். பிறகு அவளாகவே தண்ணீர் கேட்டு ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் தனக்கென்று ஒரு கதவு வந்துவிடும் என்கிற தைரியம்.

மேஸ்திரி அட்டைப் பெட்டியைக் கிழித்து, க்ளோசெட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். மறுபடி க்ளோசெட்டைப் பார்த்தார்.

"தம்பி, இது இன்னா? கீழ எறங்குற மாதிரி வாங்கியாந்துகிற? நான் பி ட்ராப்புன்னு உங்கப்பா கிட்ட படிச்சிப் படிச்சிச் சொன்னனே."

நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்த அப்பா, யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். போனில் எஸ்ஸு என்று சொன்னியே என்றேன். ஆமாம் என்றார். நீ எஸ்ஸான்னு கேட்ட, நான் எஸ்ஸுன்னேன். சரக்கு கிடைத்துவிட்டதா, வாங்கிவிடட்டுமா என்று நான் கேட்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். கேட்டில் நிற்கிறவருக்குத் தெரிந்த எஸ் அது ஒன்றுதான். நாளெல்லாம் எஸ் சார், எஸ் சார். எழுத்திலும் ஒரு எஸ் இருக்கிறது என்பது அவர் காதுக்கு எட்டியதில்லை.

மேஸ்திரி உட்கார்ந்தே சிரித்துவிட்டார். எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, வழி யோசித்தார். கீழே மேடை கட்டி அதன்மேல் ஏற்றி வைத்தால் குழாயைத் திருப்பிச் சுவருக்குக் கொண்டுபோகலாம் என்றார். எவ்வளவு உயரம் என்று அப்பா கேட்டார். மேஸ்திரி கையால் காட்டினார். அம்மா குட்டை. அந்த உயரத்தில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். பாதம் தரையில் பதிய வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அப்பாதான் ஞாபகப்படுத்தினார்.

உள்ளேயிருந்து அம்மா, "ஆயிடுச்சாடா?" என்று கேட்டாள்.

"ஆவுதும்மா," என்றேன்.

அப்பா தானும் வருவதாகச் சொன்னார். தூக்கத்தில் கண் சிவந்திருந்தது, வேண்டாம் என்றால் கேட்கவில்லை. யூனிபாரத்தோடு, தொப்பியோடு, க்ளோசெட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கில் பின்னால் உட்கார்ந்தார். ஷிப்ட் மாறுகிற நேரம். கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக மூக்கை இடித்துக்கொண்டு நின்றன. அந்த வெயிலில் வண்டி நகராமல் நிற்கும்போதுதான் அப்பா என் தோளுக்குப் பின்னால் இருந்து சொன்னார். "அது தண்ணி குடிச்சிட்ச்சிடா. வர்றதுக்கு முன்னால பேன் வோணுமான்னு கேட்டேன். அதான் ரெடியாவுதே, அதுலயே போயிக்கறேன்னுச்சு." நான் ஹாரனை அழுத்தினேன். ஹாரன் அடித்து என்ன பிரயோஜனம்?

கடையில் நான்தான் பேசினேன். நடந்ததைச் சொல்லாமல், தப்பான மாடல் வந்துவிட்டது, மாற்றித் தர வேண்டும், கஸ்டமர் என்கிற முறையில், என்று ஏதோ ஆபீஸில் மெயில் எழுதுகிற மாதிரி பேசினேன். பாதி இங்கிலீஷில் பேசினேன். அண்ணாச்சி கோபப்படவில்லை, சலித்துக்கொண்டார். பெட்டி கிழிந்திருக்கிறது. செகண்ட்ஸ். வாபஸ் கிடையாது என்று பில் போடும் முன்பே சொல்லியிருக்கிறது. அது மட்டுமில்லை, அந்த பி ட்ராப் நேற்றே போய்விட்டது. புது பி ட்ராப் வேண்டுமானால் இங்கே ஷோரூமில் இருக்கிறது, அதற்குப் பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஷோரூம் சரக்கின் விலை எனக்குத் தெரியும். என் சம்பளத்திலேயே பெரும் பகுதி அதற்குப் போய்விடும், அடுத்த சம்பளத்துக்கோ இன்னும் நாள் இருந்தது. தவணை தருவீர்களா என்று கேட்டேன். பழக்கமில்லாத ஆளுக்குத் தருவதில்லை என்றார். அவர் சொன்ன எதிலும் தப்பில்லை. அதுதான் என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. யாரும் தப்பு செய்யாமலே எங்கள் அம்மா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறாள்.

அப்போது அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். கேட்டில் லாரிக்காரனைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு. மெதுவாகப் பேசத் தெரியாது.

"சார், எனக்குத் தெரிஞ்ச எஸ்ஸு ஒண்ணுதான். ஆபீசருங்க எது சொன்னாலும் எஸ் சார்னுவேன். புள்ள போன்ல எஸ்ஸான்னான், நானும் எஸ்ஸுன்டேன். எழுத்தைக் கேக்கறான்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்? எங்களுக்கு எஸ்ஸு வோணாம். பீ தான் வோணும். ஒரு பீ குடுங்க."

ஷோரூம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பில் போடுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டைல்ஸ் பக்கம் இரண்டு பேர் வெடித்துச் சிரித்தார்கள். அப்பாவுக்கு அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியும். நான் வாய்க்குள் மென்று முழுங்கிய வார்த்தையை அவர் அந்த ஏசி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, நகராமல் நின்றார்.

"சிரிக்கட்டும் சார். எங்க வூட்ல அது தண்ணி குடிக்க மாட்டேங்குது சார். குடிச்சா வந்துடும்னு. புள்ள எடுக்கக் கூடாதாம். நான் டூட்டிக்குப் போனா வர்ற வரைக்கும் அடக்கிகினு கீது. டாக்டரு கிட்னி பூடும்ன்றாங்க." அவர் க்ளோசெட்டைக் கையால் தட்டிக் காட்டினார். "இது புதுசாவே கீது. நாங்க ஒரு வாட்டிகூட யூஸ் பண்ணல."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு அண்ணாச்சியே சிரித்துவிட்டார். சிரிப்பு முடிந்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன, தம்பி? கம்ப்ளெயிண்டு, கஸ்டமருன்னு என்னமோ பேசிக்கிட்டு." பிறகு கீழே குரல் கொடுத்தார். "ஏலே, அந்தப் பச்சை கெடக்குல்லா, அத எடு." எங்களிடம் சொன்னார்: "பழைய மாடலு. பி ட்ராப்புதான். யாரும் சீந்த மாட்டேங்காவ. இத வச்சுட்டு அதக் கொண்டு போங்க, துட்டு வேண்டாம். கலரப் பத்தி மட்டும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசப்படாது, சரியா?"

குடோனில் தூசி தட்டி எடுத்தார்கள். பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை. எந்தக் காலத்தில் யார் ஆசைப்பட்டுச் செய்தார்களோ. நான் டார்ச் அடிக்கவில்லை, விரிசல் தேடவில்லை. அப்பாதான் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார், பின்பக்க ஓட்டையில் கையை நுழைத்துப் பார்த்தார். "எஸ்ஸு," என்றார் அண்ணாச்சியிடம். பிறகு அவருக்கே உறைத்து, "சரிங்க சார், இதான்" என்றார்.

நாங்கள் திரும்பி வரும்போது மேஸ்திரி வாசலில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கீழே போட்டு மிதித்தார். உள்ளே போகாதே என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். போர்வை நனைந்து, பாய் நனைந்து, கட்டிலுக்குக் கீழே தரை வரைக்கும் வந்திருந்தது. மேஸ்திரி அடுத்த அறையில் இருக்கிறார் என்பதால் அவள் வாயைத் திறந்து யாரையும் கூப்பிடவில்லை. அவருக்கு வாசனையில் தெரிந்திருக்க வேண்டும். வேலையைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுவிட்டார். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படியில் நின்றேன். அப்பா துணியை மாற்றினார். அவர் ஏதோ சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு அவள் டம்ளரை வாயில் வைத்து நடிக்கக்கூட இல்லை. கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். காய்ச்சல் ஏறியது. நான் கிளினிக்குக்குப் போன் போட்டேன். நாளைக்குள் சரியாகவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர்.

மேஸ்திரி அன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. பச்சை க்ளோசெட் சுவரோடு சரியாகப் பொருந்தியது. போல்ட் முடுக்கி, வெள்ளை சிமெண்ட் பூசி, ப்ளஷ் டேங்க் மாட்டி, நண்பன் செய்த கம்பியைப் பதித்தார். ஒரு ராத்திரி காயட்டும், அதுவரைக்கும் யாரும் உட்கார வேண்டாம் என்றார். கூலி வாங்கும்போது அம்மா இருக்கிற அறைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கதவு மட்டும் வாங்கவில்லை. அப்பா பழைய கக்கூஸின் தகரக் கதவைக் கழற்றிக்கொண்டுவந்து மாட்டினார். அவருக்கு வீக்லி ஆப் இல்லாத நாள். இருந்தும் அன்றைக்கு டூட்டிக்குப் போகவில்லை.

மறுநாள் காலையில் அப்பா கூப்பிட்டார். இப்போது ஒன்றும் வரவில்லை என்றாள் அம்மா. வரும்போது சொல்கிறேன் என்றாள். தண்ணீர் குடிக்கவில்லை, எதை வைத்து வரும்? நான் கெஞ்சினேன், அதட்டினேன், டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பயமுறுத்தினேன். கடைசியில் அப்பா, சும்மா நடந்து பார்த்துவிட்டாவது வா, உன் புள்ள வாங்கியிருக்கிற கலரைப் பாரு என்றார். அதற்கு எழுந்தாள். வாக்கரை ஒரு முழம் தள்ளி வைப்பாள், பிறகு காலை இழுத்து வைப்பாள். அந்தச் சின்னத் தூரத்துக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. வாசற்படி இல்லாத இடத்தில் வாக்கர் தடுக்காமல் உள்ளே போனது.

நின்று பார்த்தாள். "இன்னாடா இது, கொளத்துல இருந்து எடுத்தாந்த மாதிரி கீது?"

அப்பா அவள் ரெண்டு கையையும் கம்பியில் வைத்துவிட்டு, மெதுவாகத் திருப்பினார். எப்படி இறங்க வேண்டும் என்று பிசியோதெரபி பெண் சொல்லிக் கொடுத்ததை அவரே சொன்னார். உட்கார்ந்துவிட்டாள் என்று கம்பி லேசாக முனகிய சத்தத்தில் இருந்து எனக்குத் தெரிந்தது. கால் தரையில் பதிகிறதா என்று வெளியிலிருந்தே கேட்டேன். "பதியுது, பதியுது" என்றார் அப்பா. ஹெல்த் பாசெட்டை எப்படி அழுத்துவது என்று காட்டினார். அது பீச்சியடித்து அவர் சட்டை நனைந்தது. அம்மா அவரைத் திட்டினாள். பிறகு அவரை வெளியே போகச் சொன்னாள். தகரக் கதவை அவளே நல்ல காலால் தள்ளிச் சாத்தினாள்.

நாங்கள் ரெண்டு பேரும் கதவுக்கு வெளியே நின்றோம். விழுந்துவிடுவாளோ என்கிற பயத்தில் அப்பா கதவு மேல் ஒரு கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். கதவைத் தட்டலாமா என்று நான் கையைத் தூக்கியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரெண்டு பேரும் அங்கதான் நின்னுகினு கீறீங்களா?"

தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன்.

"போங்க அந்தாண்ட. இப்பிடிக் கதவுல ஒட்டிகினு நின்னா எப்பிடி வரும்?"

அப்பா கையை எடுத்தார். நாங்கள் அடுப்படிக்கு வந்தோம். "இன்னும் போவல, காலு சத்தம் கேக்குது," என்றாள். ஹாலுக்கு வந்தோம். அங்கேயும் போதாது என்று தோன்றியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து தெருவில் இறங்கினோம். கம்பெனி பஸ் ஒன்று பள்ளத்தில் ஏறி இறங்கிப் போனது. எதிர் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே, என்ன அப்பாவும் புள்ளையும் காலங்காத்தால வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்டார். சும்மா, காற்றுக்கு என்றேன்.

அப்பா நனைந்த சட்டையோடு முனை வரைக்கும் பார்த்தார்.

"எவ்ளோ தூரம்டா போவணும்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தோம்.